வீடியோ காலில் கால் தெரியாது

டிஸ்கி முதலில்: நான் பி.காம் படித்துவிட்டு பாங்கில் குப்பை கொட்டுபவன். டாக்டர் இல்லை. இதில் மருத்துவ விஷயம் கொஞ்சம் வரும். எல்லாம் அம்மாவுக்காகப் படித்ததும், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பஹ்ரைனில் எங்களுக்கு வெள்ளி, சனி லீவு. வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்கு வீடியோ கால் போடுவது பல வருஷப் பழக்கம். தேவிகுளத்தில் அப்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். அண்ணன் பையன் போனை அம்மா முகத்துக்கு நேராகப் பிடிப்பான். "ஏய்யா, சாப்டியா? பிள்ளைக சாப்டுச்சா? அங்க வெயில் எப்படி?" அதே கேள்விகள், அதே வரிசை. நானும் விடமாட்டேன். நேற்று யார் வந்தார்கள், காலையில் என்ன சாப்பிட்டாய், சின்னவள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்பேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வரும். 'அம்மாவுக்கு ஞாபகசக்தி நல்லாத்தான் இருக்கு' என்று நிம்மதியாகப் போனை வைப்பேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது முகத்தை மட்டும். ஆட்டம் காண ஆரம்பித்திருந்தது கால். இது புரிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். எங்கள் தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா தேவிகுளம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, மழைக்குத் தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளையும் போட்டுக்கொண்டு காலையில் மலைக்குப் போனால் இருட்டுகிற நேரத்தில்தான் லயத்துக்குத் திரும்புவாள். தேயிலைக் காட்டுச் சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சும்மா நின்றாலே வழுக்கும். அந்தச் சரிவில் முதுகில் கொழுந்து மூட்டையோடு ஏறிக்கொண்டே, பக்கத்து நிரையில் நிற்கும் சித்தியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, சின்னப் பையனான என்னையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வாள். அவள் மூச்சு வாங்கியோ பேச்சு நின்றோ நான் பார்த்ததில்லை.

2012-இல் 58 வயதில் ரிட்டயர் ஆனாள். அண்ணன் எஸ்டேட் பாக்டரியில் வேலை பார்ப்பதால் லயத்து வீடு கையைவிட்டுப் போகவில்லை. மதினியும் கொழுந்துக்குப் போகிறார். நான் பஹ்ரைனிலிருந்து பணம் அனுப்புகிறேன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம்: அம்மா இனிமேல் ஒரு வேலையும் செய்யக்கூடாது.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். விறகு வேண்டாம், கேஸ் வாங்கியாச்சு. தண்ணீர் எடுக்க வேண்டாம், வாசலிலேயே குழாய். கடைக்குப் போக வேண்டாம், பேரன் போய் வருவான். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தியில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தாள். அதுவும் வேண்டாம், ஆனை வருகிறது. (சும்மா சொல்லவில்லை. மூணாறு பக்கம் படையப்பா என்று ஊரே பெயர் வைத்த கொம்பன் சுற்றிவந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.) மழைக்காலத்தில் லயத்துப் படிகளில் பாசி பிடிக்கும், அதனால் படி இறங்க வேண்டாம். கடைசியில் அம்மாவுக்கு மிச்சமிருந்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டிவியும்தான். இதையெல்லாம் பாசம் என்று நினைத்துத்தான் செய்தோம். மதினிக்குப் போனிலேயே உத்தரவு போட்டவன் நான்தான்.

2018 டிசம்பர் லீவில் ஊருக்குப் போனேன். லயத்திலிருந்து ரோட்டுக்கு வர நாற்பது படி ஏறி, பிறகு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். நானும் அம்மாவும் நடந்துகொண்டிருந்தோம். "அம்மா, அந்த ராமர் கோயில் பக்கத்து வீட்டுச் சித்தி இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். அம்மா நின்றாள். "அவ இப்ப போடியில இருக்காய்யா" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தாள். இன்னொரு கேள்வி கேட்டேன். மறுபடியும் நின்று, பதில் சொல்லி, பிறகு நடந்தாள். மூட்டையோடு சரிவில் ஏறிக்கொண்டே கதை பேசியவள், வெறுங்கையோடு நடக்கும்போது ஒரு வார்த்தை பேசுவதற்கு நிற்கிறாள். மூட்டுவலி, வயசு என்று நினைத்துக்கொண்டேன். "எதுக்கும்மா அலையிற, வீட்டில உக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரியான ஆள்தான் நான்!

அப்புறம் கொரோனா வந்தது. 2020, 2021 இரண்டு வருஷமும் ஊர்ப் பக்கம் போக முடியவில்லை. வெறும் வீடியோ கால். முகம் நன்றாகத்தான் இருந்தது.

2022 ஆகஸ்ட் மழையில் அம்மா வாசலிலேயே விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அதற்குப் பிறகுதான் மற்ற விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இரண்டு தடவை அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறாள். சர்க்கரை மாத்திரையை ஒருநாள் இரண்டு தடவை போட்டிருக்கிறாள், ஒருநாள் போடவே இல்லை. இதையெல்லாம் மதினி என்னிடம் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவனைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

எனக்கு உறைத்தது வேறொரு இடத்தில். பென்ஷன் விஷயமாக ஒரு பாரத்தில் அம்மா கையெழுத்துப் போட்டு, அண்ணன் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினான். இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மா, சம்பள ரிஜிஸ்டரில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டவள். அந்த எழுத்து எனக்கு அச்சுப்போல ஞாபகம் இருக்கிறது. போட்டோவில் இருந்தது வேறு யாரோ போட்ட கையெழுத்து மாதிரி இருந்தது. எழுத்துகள் சிறுத்து, கோடு விட்டு இறங்கி, கடைசி எழுத்துக்குப் புள்ளியே இல்லை. இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ பெரியவர்களிடம் 'கையெழுத்து ஒத்துப்போகலை சார்' என்று செக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

லீவு போட்டுப் போனேன். முதலில் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாமே) அம்மாவை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். இன்றைக்கு என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதுவும் மலையாளத்தில். பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்க்காத, தமிழ் மட்டும் தெரிந்த அம்மா என்ன செய்வாள்? என் முகத்தைப் பார்த்தாள். 'படிப்பு இல்லை, வயசும் ஆச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் போடி வழியாக மலையிறங்கி மதுரையில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் தேதி கேட்கவில்லை. "பாட்டிம்மா, எந்திரிச்சு அந்தக் கதவு வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார். அம்மா எழுந்திருக்கவே நாற்காலிக் கையை இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. மெதுவாக, காலைத் தேய்த்தபடி போனாள். திரும்பும்போது சின்னச் சின்ன அடியாக ஆறேழு அடி வைத்துத் திரும்பினாள். "இப்ப நடந்துக்கிட்டே உங்க ஊர்ல இருக்கிற மரம், செடி பேரெல்லாம் சொல்லுங்க" என்றார். அம்மா நின்றுவிட்டாள்.

2018-இல் அந்த ரோட்டில் பார்த்த அதே நிற்பு.

டாக்டர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நடப்பது காலின் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அதில் மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த அடியை எங்கே வைப்பது, உடம்பை எப்படிச் சமன் செய்வது, கண்ணும் காதும் பாதமும் சொல்வதை எப்படிச் சேர்ப்பது என்று மூளை ஓயாமல் கணக்குப் போடுகிறது. நன்றாக இருக்கும்வரை இதெல்லாம் தானாக நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. மூளைக்குள் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகளுக்கு ரத்தம் தரும் மெல்லிய குழாய்கள் பிரஷராலும் சர்க்கரையாலும் கெட்டுப்போனால், நடையும் மந்தமாகும், யோசனையும் மந்தமாகும். ஒரே கரண்ட் லைனில் இரண்டு வீடு மாதிரி. லைனில் கோளாறு என்றால் எந்த வீட்டு பல்ப் முதலில் மங்கும் என்று சொல்ல முடியாது. பல பேருக்கு நடை வீட்டு பல்ப் முதலில் மங்குகிறது.

பேசும்போது நடை நிற்பதை ஸ்வீடனில் 1997-லேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். அப்படி நிற்கும் முதியவர்கள் அடுத்த மாதங்களில் விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று லான்செட் இதழில் வந்தது. அமெரிக்காவில் ஆய்வு செய்யும் ஜோ வர்கீஸ் என்ற நரம்பியல் டாக்டர் 2013-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். நடை மந்தம், அதோடு 'எனக்கு மறதி வருது' என்ற புகார், இரண்டும் சேர்ந்து இருந்தால் அது டிமென்ஷியா வருவதற்கான முன்னெச்சரிக்கை என்றார். அவர் குழு 2014-இல் 17 நாடுகளைச் சேர்ந்த 26,802 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பத்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட (9.7 சதவீதம்) இந்த நிலை இருந்தது. அவர்களுக்குப் பின்னால் டிமென்ஷியா வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இவர் குழு நம் கோழிக்கோட்டிலும் ஆய்வு நடத்தியிருக்கிறது.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நடையைப் பார்க்க ஸ்கேன் வேண்டாம், படிப்பு வேண்டாம், பாஷை வேண்டாம். ஒரு வாட்சும் நாலு மீட்டர் தரையும் போதும். எங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு நியாயமான பரீட்சை அது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் எத்தனை பேர் பள்ளிக்கூடமே போகாத அம்மாக்களோ!

இங்கே ஒரு பிரேக் போடுகிறேன். நடை மெதுவானாலே டிமென்ஷியா என்று யாரும் பயப்பட வேண்டாம். முழங்கால் தேய்மானம், கண்புரை, சர்க்கரையால் பாதம் மரத்துப்போவது, பி12 குறைவு, தைராய்டு, தூக்க மாத்திரை, பார்க்கின்சன் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். நடை தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடக்க முடியாமை மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் தேங்குகிற ஒரு நோயாக இருக்கலாம். 1965-இல் விவரிக்கப்பட்ட அந்த நோய்க்கு ஆபரேஷன் உண்டு, பலர் தேறுகிறார்கள். 'வயசாச்சு' என்று விட்டுவிட்டால் இதெல்லாம் கண்டுபிடிக்காமலே போய்விடும்.

அம்மாவுக்கு என்ன என்றால், பி12 மிகவும் குறைவு, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, இரண்டு கண்ணிலும் புரை. ஸ்கேனில் மூளையின் சின்ன ரத்தக் குழாய்களில் பாதிப்பு. ஆரம்ப நிலை டிமென்ஷியா என்றார் டாக்டர்.

நான் கேட்ட முதல் கேள்வி, "நாங்க உக்காரவச்சதாலயா டாக்டர்?" அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூளையில் மாற்றம் தொடங்கியதால் நடை குறைந்திருக்கலாம். நடை குறைந்ததால் சர்க்கரை ஏறி, தசை கரைந்து, ஆள் முகம் பார்ப்பது நின்று, மூளைக்கு வேலை குறைந்திருக்கலாம். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும் என்றார். எது முதலில் என்று எங்கள் விஷயத்தில் இனி யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை டேலி ஆகாது.

சரி, திரும்ப நடக்கவைத்தால் மறதி போய்விடுமா? ஆசைக்குப் பொய் சொல்லக்கூடாது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுள்ள 1,635 பேரை வைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு சோதனை செய்தார்கள். உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நடக்கும் திறன் அதிக நாள் நிலைத்தது என்று 2014-இல் தெரிந்தது. ஆனால் ஞாபகசக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2015-இல் சொன்னார்கள். அதே 2015-இல் பின்லாந்தில் 1,260 பேரிடம் உடற்பயிற்சி, சாப்பாடு, மூளைக்குப் பயிற்சி, பிரஷர்-சர்க்கரை கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து பார்த்ததில் பலன் தெரிந்தது. 2024-இல் லான்செட் குழு ஒன்று, காது, கண், பிரஷர், சர்க்கரை, நடமாட்டமின்மை, தனிமை உட்பட 14 விஷயங்களைக் கவனித்தால் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி இருக்கிறது என்றது. இதெல்லாம் பெரும்பாலும் நோய் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. அதாவது, 2012-இல் நாங்கள் நாற்காலி வாங்கிப் போட்ட நாளில்.

இருந்தாலும் செய்தோம். பி12 ஊசி. இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன். மாத்திரைக்குக் கிழமை வாரியாக டப்பா. அண்ணன் படிகளில் பாசியைச் சுரண்டி, பக்கத்தில் இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்தான். வாசலில் நாலு மீட்டருக்கு டேப் பிடித்து இரண்டு சாக்பீஸ் கோடு போட்டான். முதல் நாள் அம்மாவுக்கு எட்டு வினாடி. நொடிக்கு 0.8 மீட்டருக்குக் கீழே போனால் மந்தம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், அதாவது அந்தத் தூரத்துக்கு ஐந்து வினாடி. எட்டு என்றால் பாருங்கள்.

முக்கியமாக, பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தோம். வாசலுக்கு நேரே, ஆனை வராத பக்கமாக ஒரு பாத்தி. காலையில் பக்கத்து லயத்து வீட்டுக்கு நடந்து போய் ஒரு கட்டஞ்சாயா. சாயங்காலம் பேரனோடு கைப்பிடியைப் பிடித்துப் படியில் இறங்கி ஏறுவது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதல் மாதம் ஒன்றுகூட முடியவில்லை. இப்போது மூன்று தடவை.

போன லீவில் கோட்டில் நடக்கவைத்தேன். ஆறரை வினாடி. அண்ணன் கைதட்டினான். மறதி குறையவில்லை, மெதுவாகக் கூடுகிறது. நான் என்று வந்தேன் என்பதை அன்றைக்கு மட்டும் மூன்று தடவை கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு இன்றுவரை விழவில்லை. பீன்ஸ் எப்போது பறிக்க வேண்டும் என்று மதினிக்கு இன்னும் அவள்தான் சொல்கிறாள்.

ரோடு வரைக்கும் கூட்டிப்போனேன். பழக்க தோஷத்தில் ஏதோ கேட்க வாய் எடுத்தேன், அடக்கிக்கொண்டேன். மேலே போய்க் கல்லில் உட்கார்ந்தபிறகு கேட்டேன். எதிர்ச்சரிவில் கொழுந்து எடுப்பவர்களைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னாள்.

தூரத்தில் இருக்கும் நம்மால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. 'சாப்டியா, தூங்கினியா, மாத்திரை போட்டியா' என்பதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் எங்காவது விழுந்தார்களா? ரோட்டைக் கடக்கப் பயமாக இருக்கிறதா? முன்பு போய்வந்த எந்த இடத்துக்கு இப்போது போவதில்லை? இதை அவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள், கூட இருக்கும் மதினியிடமோ அக்காவிடமோ தனியாகக் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் திட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். லீவில் போனால் முதல் நாளே கூட நடந்து பாருங்கள். வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் டாக்டரிடம் மறதியை மட்டும் சொல்லாமல் நடையையும் சொல்லுங்கள். தயவுசெய்து, 'நீ உக்காரு, நாங்க பாத்துக்கறோம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னவன் எழுதுகிறேன்.

அடுத்த தடவை வீடியோ கால் போடும்போது, போனைப் பிடித்திருக்கும் பிள்ளையிடம் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போய், கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அம்மா கதவு வரைக்கும் போய்த் திரும்பட்டும். அரை நிமிஷ வேலை.